கீரைக்கு முன்னால் கிழங்கு

கேள்வி: பண்ருட்டி பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். காலைப் பிரார்த்தனையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். கேட்டால் "சாப்பிடல மிஸ்" என்கிறார்கள். பள்ளிக்குப் பின்னால் 10 சென்ட் செம்மண் சும்மா கிடக்கிறது. அவர்களை வைத்தே இயற்கை முறையில் கீரைத் தோட்டம் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடலாம் டீச்சர். ஆனால் கீரையில் ஆரம்பிக்காதீர்கள். கீரை மதியச் சாம்பாருக்கு நல்லது. உங்கள் பிள்ளைகளுக்குப் பசிப்பதோ காலையில். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயதில் ஒன்றுமில்லை! வயிற்றில் நிற்கிற சாமானாகப் போடுங்கள். என் ஓட்டு சர்க்கரைவள்ளிக்கு. வரப்போரம் தட்டைப்பயறு.

செம்மண்ணில் கிழங்கு நன்றாகப் பிடிக்கும். மக்கிய தொழுவுரம் போட்டு, பார் (நீள மேட்டு வரிசை) பிடித்து, ஒரு சாண் நீளக் கொடித் துண்டை நடுக்கணு மண்ணுக்குள் போகிறமாதிரி நடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நட்டால் ஒரே வாரத்தில் தின்று தீர்ப்பார்கள். 2 சென்ட், 2 சென்ட்டாக மூன்று வாரம் விட்டு விட்டு நடுங்கள். கொடி ஓடும்போது கணுவுக்குக் கணு வேர் விடும்; தூக்கித் திருப்பிப் போடாவிட்டால் இலைதான் மிஞ்சும், கிழங்கு விரலளவு. மண் வெடித்தால் உடனே மண்ணை இழுத்து அணைத்து வெடிப்பை மூட வேண்டும். அந்த வெடிப்பு வழியாகத்தான் கூன்வண்டு இறங்கிக் கிழங்கைக் குடைகிறது. பிள்ளைகள் வாரம் ஒருமுறை குனிந்து வெடிப்பு தேடினாலே போதும், மருந்து வேண்டாம். நாலு மாதத்தில் தோண்டலாம்.

ஊட்டத்துக்கு அமுதக் கரைசல்: 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ பசுஞ்சாணம், 1 லிட்டர் கோமியம், ஒரு கைப்பிடி வெல்லம். ஒருநாள் ஊறவிட்டு, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றலாம். இதில் ஒன்று கவனியுங்கள். சாணி கரைக்கிற வேலை எப்போதும் அதே நாலு பிள்ளைகள் தலையில் வந்து விழும். எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியல் ஒட்டி, முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள். லேட்டாக வந்தவனுக்குக் களையெடுப்பு தண்டனையும் கூடாது. அப்புறம் எவனும் மண்வெட்டியைத் தொட மாட்டான்.

அவிப்பதற்குச் சத்துணவு அக்காவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவருக்கு இது கூடுதல் வேலை. பொறுப்பை எட்டு, ஒன்பதாம் வகுப்பிடம் கொடுங்கள், பத்தாம் வகுப்புக்குப் பரீட்சை. கோடை விடுமுறையில் நாலு கொடியைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் நட்டு வைத்தால், ஜூனில் நாற்றுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம்.