லித்தியம்-கந்தக பேட்டரி: ஆயுள் ஏன் குறைகிறது?

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்த பிறகு நம் பக்கத்தில் பேட்டரி பற்றிய கேள்விகள் பெருகிவிட்டன. கந்தக பேட்டரி பற்றி வந்த சிலவற்றுக்கு இங்கே பதில்.

கந்தகம் மலிவு என்கிறார்களே, பிறகு ஏன் வண்டிகளில் வரவில்லை? (மெக்கானிக், ஓசூர்)

மலிவுதான். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது துணைப்பொருளாகவே கிடைக்கிறது. கொள்ளளவும் பெரிது: கணக்குப்படி ஒரு கிராம் கந்தகம் 1,675 மில்லி ஆம்பியர்-மணி (சேமிக்கும் மின்சாரத்தின் அளவு) தரும். இன்றைய லித்தியம்-அயனி பேட்டரிகளின் கேத்தோடுகள் (நேர்மின்முனைகள்) ஏறத்தாழ 150 முதல் 200 வரைதான்.

ஆயுள்தான் இடிக்கிறது. கந்தகம் ஒரே தாவலில் லித்தியம் சல்ஃபைடாக மாறுவதில்லை. இடையில் பாலிசல்ஃபைடுகள் (கந்தக அணுக்கள் சங்கிலியாய்க் கோத்த லித்தியம் சேர்மங்கள்) உருவாகி, மின்பகுளியில், அதாவது இரு முனைகளுக்கும் நடுவே உள்ள திரவத்தில், கரைகின்றன. கண்ணாடிக் குப்பியில் செல் அமைத்து டிஸ்சார்ஜ் செய்தால், தெளிந்த திரவம் மஞ்சளாகிப் பிறகு செம்பழுப்பாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நிறம் முழுவதும் கேத்தோடை விட்டு வெளியேறிய கந்தகம். அது எதிர்முனையான லித்தியம் பக்கம் போய் வினைபுரிந்து திரும்புகிறது. சார்ஜ் வீணாகிறது, ஒவ்வொரு சுற்றிலும் (ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) கொஞ்சம் கந்தகம் திரும்பாமலே போகிறது.

கார்பனுக்குள் அடைத்துவிட்டால் போதாதா ஐயா? (வேதியியல் மாணவி, தருமபுரி)

நல்ல தொடக்கம் அது. 2009இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசர் குழு, நுண்துளைக் கார்பனுக்குள் உருகிய கந்தகத்தை ஏற்றிக் கிராமுக்கு 1,300 மில்லி ஆம்பியர்-மணியைத் தாண்டியது. ஆனால் பாலிசல்ஃபைடு முனைவுள்ளது (மின்னேற்றம் சமமாகப் பரவாதது), கார்பன் முனைவற்றது, பிடிப்பு தளர்ந்துவிடும். அதனால்தான் டைட்டானியம், மாங்கனீசு ஆக்சைடுகளைச் சேர்க்கிறார்கள். மின்பகுளியில் லித்தியம் நைட்ரேட் கலந்தால் லித்தியத்தின் மேல் காப்புப் படலம் உண்டாகிறது. அதுவும் சுற்றுக்குச் சுற்று செலவாகிக்கொண்டே இருக்கும். கந்தகம் சல்ஃபைடாகும்போது சுமார் 80 சதவீதம் பருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். உள்ளே இடம் விடாமல் அடைத்தால் கேத்தோடு விரிசல் விடும்.

ஆயிரம் சுற்று தாங்கியதாகச் செய்தி வருகிறது. நம்பலாமா? (ஆசிரியர், காவேரிப்பட்டணம்)

சுற்றுக் கணக்கைப் பார்க்கும் முன் மூன்று விவரங்களைத் தேடுங்கள்: சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கந்தகம், ஒரு மில்லிகிராம் கந்தகத்துக்கு எவ்வளவு மின்பகுளி, லித்தியம் எவ்வளவு உபரி. ஒரு மில்லிகிராம் கந்தகத்தைத் தடவி, மின்பகுளியைத் தாராளமாக ஊற்றிய சிறிய செல் நெடுநாள் ஓடும். உபரி லித்தியமும் திரவமும் தேய்மானத்தை மறைத்துவிடும். பயன்பாட்டுக்கு உரிய பேட்டரியில் சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து மில்லிகிராம் அளவுக்குக் கந்தகமும், மில்லிகிராமுக்கு ஐந்து மைக்ரோ லிட்டருக்குள் திரவமும் வேண்டும். இந்த விவரங்களைச் சொல்லாத அறிவிப்பை நான் பொருட்படுத்துவதே இல்லை.

மாந்தோப்பு சோலார் பம்புக்கு இதற்காகக் காத்திருக்கலாமா? (விவசாயி, போச்சம்பள்ளி)

வேண்டாம் ஐயா. தரையில் வைக்கும் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டில்லை; லித்தியம் இரும்பு பாஸ்பேட் வாங்குங்கள், வெயில் படாமல் வையுங்கள். எடை உயிர்நாடியான இடம் வானம். 2010இல் 14 நாள் பறந்த ஆளில்லாச் சூரிய விமானம் செஃபிர், இரவில் பறந்தது கந்தக பேட்டரியால்தான்.

இதைப் படிக்க வெளிநாடுதான் போக வேண்டுமா? (பிளஸ் டூ மாணவர், பாலக்கோடு)

காரைக்குடி போதும். அங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பி.டெக் படிப்பே இருக்கிறது.