ரீகாவில் நான்கு நாட்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான்கு நாள் விடுமுறையில் தாலின், ரீகா, வில்னியஸ் ஆகிய மூன்று பால்டிக் தலைநகரங்களையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முயல வேண்டாம். நடுவிலுள்ள ரீகாவிலிருந்து வடக்கே தாலினுக்கும் தெற்கே வில்னியஸுக்கும் பேருந்தில் செல்ல ஏறத்தாழ நான்கு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும். ஏறி இறங்கி அறை மாறுவதிலேயே இரண்டு பகல்கள் கழிந்துவிடும். ரீகாவில் ஒரே அறையில் தங்கி, இரண்டரை நாட்களை நகருக்கும் எஞ்சியதை நாட்டுப்புறத்துக்கும் ஒதுக்கினால், லாட்வியா என்னும் ஒரு நாட்டையாவது ஓரளவு அறிந்துகொண்டு திரும்பலாம்.

கேள்வி: ரீகாவின் பழைய நகரில் பாதி அண்மையில் கட்டப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி என்பது மிகை. ஆனால், எல்லோரும் படம் எடுக்கும் கருந்தலையர் இல்லத்தைப் பொறுத்தவரை அது முழு உண்மை. மணமாகாத வணிகர்களின் சங்கத்துக்கு உரியதாக இருந்த அந்த மாளிகை 1941 ஜூன் மாதப் போரில் எரிந்தது. எஞ்சிய சுவர்களையும் சோவியத் ஆட்சி 1948இல் இடித்துத் தள்ளியது. இன்று நாம் பார்ப்பது 1990களில் மீண்டும் எழுப்பப்பட்டது. இதை அறிந்து பார்த்தால் அதன் மதிப்பு குறைவதில்லை. சோவியத் ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற சில ஆண்டுகளிலேயே ஒரு நகரம் முதலில் எதை மீட்க விரும்பியது என்பது புரியும்.

பழுதுபடாத பழமையை நாடுவோர் பழைய நகரைத் தாண்டி, வடக்கே ஆல்பெர்ட்டா தெருவுக்கு நடக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்ட பிறகு விரிந்த நகரத்தில், முதல் உலகப் போருக்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளுக்குள் எழுந்த ஆர்ட் நூவோ (வளைகோடுகளும் சிற்ப அலங்காரமும் மிகுந்த பாணி) கட்டடங்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. யுனெஸ்கோ 1997இல் ரீகாவை உலக மரபுச் சின்னமாக ஏற்றதற்கு இவையும் ஒரு முதன்மைக் காரணம். ஆல்பெர்ட்டா தெருவில் அலறும் முகங்களும் சிங்கங்களும் நிறைந்த பல முகப்புகளை வடிவமைத்தவர் மிகைல் ஐசன்ஸ்டைன். திரைப்பட மேதை செர்கேய் ஐசன்ஸ்டைனின் தந்தை. இங்கே தலை நிமிர்ந்தே நடக்க வேண்டும், ஏனெனில் சிற்பங்கள் பெரும்பாலும் மேல் தளங்களில்தான் உள்ளன.

கேள்வி: மையச் சந்தைக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

பதில்: இரண்டு மணி நேரம் போதும். 1930இல் திறக்கப்பட்ட அதன் ஐந்து கூடங்களும், முதல் உலகப் போரில் ஜெர்மானிய செப்பெலின் வான்கப்பல்களை நிறுத்திவைத்த கொட்டகைகளின் மேற்பகுதிகளைக் கொண்டு கட்டப்பட்டவை. மிஞ்சும் நேரத்தில், அங்கிருந்து சற்றே நடந்து, நாஜி ஆக்கிரமிப்பின்போது 1941 ஜூலை 4 அன்று எரிக்கப்பட்ட பெரிய யூதத் தொழுகைக் கூடத்தின் இடிபாடுகளுக்குச் செல்லுங்கள். அதே ஆண்டு நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாட்களில் நகரை அடுத்த ரும்புலா காட்டில் ஏறத்தாழ 25,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அழகை மட்டும் கண்டு திரும்புவது இந்த நகருக்குச் செய்யும் நியாயமாகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: நாட்டுப்புறத்துக்கு ஒரே நாள்தான். ருண்டாலே அரண்மனையா, சிகுல்டாவா?

பதில்: கார் இருந்தால் இரண்டும் எளிது, இல்லையென்றால் சிகுல்டா. கட்டடக் கலைஞர் ராஸ்ட்ரெல்லி வடிவமைத்த ருண்டாலே அரண்மனை சிறப்பானதுதான், ஆனால் பௌஸ்கா என்னும் ஊரில் பேருந்து மாற வேண்டும். சிகுல்டாவுக்கோ ரீகாவிலிருந்து நேரடி ரயில் உண்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அங்கே கௌயா ஆற்றின் பள்ளத்தாக்கைக் கம்பிவட ஊர்தியில் கடந்து, குட்மானிஸ் குகையின் மணற்பாறையில் 17ஆம் நூற்றாண்டு முதல் பயணிகள் செதுக்கிச் சென்ற பெயர்களைப் பார்த்துவிட்டு, 1214இல் கட்டத் தொடங்கிய டுரைடா செங்கல் கோட்டைக்கு ஏறலாம். கோட்டையை அடுத்த குன்றில் லாட்விய நாட்டுப்பாடல்களைப் போற்றும் சிற்பப் பூங்கா உள்ளது. "தைனா" எனப்படும் அந்தப் பாடல்கள் பெரும்பாலும் நான்கே அடிகள் கொண்டவை. கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் அவற்றில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்தார். அவற்றை அவர் சீட்டுகளாக அடுக்கிவைத்த மரப்பேழையை ரீகாவின் தேசிய நூலகத்தில் காணலாம்.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது?

பதில்: ஜூனில் பகல் பொழுது பதினெட்டு மணி நேரத்தை நெருங்கும், டிசம்பரில் ஏழு மணி நேரம்கூட இராது. ஜூன் 23, 24 தேதிகளில் வரும் லீகோ, யாணி என்னும் நடுக்கோடை விழா நாட்களில் மக்கள் தீமூட்டிக் கொண்டாட நாட்டுப்புறம் சென்றுவிடுவதால் நகரில் பல கடைகள் மூடியிருக்கும். சிகுல்டாவின் பொன்னிற இலைகளுக்காகவே செப்டம்பர் இறுதியை நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், கேட்டு உறுதி செய்ய வேண்டும். புகழ்பெற்ற சாம்பல்நிறப் பட்டாணி உணவில் பன்றி இறைச்சி கலந்திருக்கும். குளிர்ந்த பீட்ரூட் சூப்பில் பெரும்பாலும் முட்டை இருக்கும். கம்பு எனத் தவறாகச் சிலர் மொழிபெயர்க்கும் ரை தானிய ரொட்டி, அந்த ரொட்டியும் உலர்பழமும் சேர்ந்த இனிப்புக் கூழ் ஆகியவற்றை நம்பலாம். "பெஸ் கல்யஸ்" என்றால் இறைச்சி இல்லாமல். மீனும் வேண்டாமெனில் "பெஸ் ஸிவீம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.