வழி கேட்டீர்களா, கையெழுத்துக் கேட்டீர்களா?

கேள்வி: பதினான்கு ஆண்டுகள் பார்த்த வேலையை விட்டுவிட்டு, நண்பர் ஒருவரோடு கூட்டுத் தொழிலில் இறங்கினேன். திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று நாள் உபவாசித்து ஜெபித்தேன். வேதத்தைத் திறந்தபோது, 'நீ போகும் இடமெல்லாம் உன் தேவனாகிய கர்த்தர் உன்னோடே இருக்கிறார்' என்ற வசனம் கண்ணில் பட்டது. மனதில் பெரிய சமாதானம் உண்டானது. இரண்டே ஆண்டுகளில் தொழில் மூழ்கிவிட்டது, கடன்தான் மிச்சம். நண்பர் ஒரு நாளும் கணக்கைக் காட்டியதில்லை. மனைவி ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றாள். அவளுக்கு விசுவாசம் குறைவு என்று நினைத்தேன். 'கடவுள் மூளையைக் கொடுத்தது எதற்கு? அதை நம்பியிருந்தால் தப்பித்திருப்பாய்' என்கிறார் என் அண்ணன். கர்த்தருடைய வழிநடத்துதலை நம்பியது என் தவறா? பழைய அலுவலகத்தில் குறைந்த சம்பளத்திற்குத் திரும்ப வரச் சொல்கிறார்கள். இன்னொரு அடையாளம் கிடைக்கும்வரை காத்திருக்கட்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ஆசிரியர் பதில்:

சகோதரரே, உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போதுதான் அந்தக் கிழமைகள் கண்ணில் பட்டன. திங்கட்கிழமை ராஜினாமா, வெள்ளிக்கிழமை உபவாசம். உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்: நீங்கள் கர்த்தரிடம் வழி கேட்கவில்லை. எடுத்து முடித்த முடிவில் அவருடைய கையெழுத்தை வாங்கப் போனீர்கள்.

'கர்த்தரை நம்பியது தவறா' என்ற கேள்விக்கு அதனால்தான் என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் நம்பியது உங்கள் சொந்த யோசனையை. ஜெபம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

இப்படி நடந்துகொண்ட ஒரு கூட்டத்தைப் பற்றி எரேமியாவின் புத்தகம் 42, 43ஆம் அதிகாரங்களில் விவரமாகச் சொல்கிறது. எருசலேம் பாபிலோனியர் கையில் விழுந்துவிட்டது. அவர்கள் நியமித்த அதிபதி கெதலியாவும் கொல்லப்பட்டான். பாபிலோன் பழிவாங்கும் என்று பயந்து, மிச்சமிருந்த ஜனங்கள் கிளம்பிவிட்டார்கள். பெத்லெகேமுக்குப் பக்கத்தில் வந்து தங்குகிறார்கள். எகிப்துக்குப் போவதாக உத்தேசம். அந்த இடத்தில் இருந்துகொண்டுதான் தீர்க்கதரிசி எரேமியாவிடம் வருகிறார்கள். நாங்கள் நடக்கவேண்டிய வழியைக் கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்கிறார்கள். பேச்சைக் கேட்டால் எவ்வளவு பக்தி! பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: இந்தத் தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதிருங்கள். அவர்கள் எரேமியாவைப் பார்த்துச் சொன்னது என்ன தெரியுமா? 'நீ பொய் சொல்லுகிறாய்.' கடைசியில் எகிப்துக்குத்தான் போனார்கள். எரேமியாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அவர்கள் ஜெபிக்காதவர்கள் அல்ல, பத்து நாள் காத்திருக்கவும் செய்தார்கள். ஆனால் எந்தப் பதில் வந்தால் கேட்பது, எது வந்தால் தள்ளுவது என்பது கேட்பதற்கு முன்பே அவர்களுக்குள் முடிவாகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கர்த்தர் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், திங்கட்கிழமை கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற்றிருப்பீர்களா? இதற்குப் பதிலை எனக்கு எழுத வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நீதிபதி நாற்காலியில் உட்கார விரும்பவில்லை. இளவயதில் நானும் ஒரு முக்கியமான முடிவுக்காக 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு சீட்டு எழுதி, ஜெபித்துவிட்டு எடுத்தேன். 'இல்லை' வந்தது. சரியாகக் குலுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் எடுத்தேன். அப்போதும் 'இல்லை'. மூன்றாம் முறை 'ஆம்' வந்ததும் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ள அப்போஸ்தலர் சீட்டுப் போட்டது உண்மைதான். அது பரிசுத்த ஆவியானவர் இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு. அதற்குப் பிறகு அவர்கள் சீட்டுப் போட்டதாக அப்போஸ்தலருடைய நடபடிகளில் எங்கேயும் இல்லை என்பதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அடுத்து, உங்களுக்குக் கிடைத்த வசனம். யோசுவா 1:9. அந்த வசனத்தின் பிற்பகுதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்: 'நான் உனக்குக் கட்டளையிடவில்லையா?' கட்டளைதான் முதலில் வருகிறது, கூட இருக்கிறேன் என்பது அதற்குப் பிறகு. யோர்தானைக் கடந்து போ என்று இஸ்ரவேலரின் தலைவர் யோசுவாவுக்குக் கர்த்தரே சொன்ன பயணத்துக்காகக் கொடுத்த வாக்கு அது. வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட இடத்தைத் தேவ சித்தம் என்று எடுத்துக்கொண்டால், எந்த ஆசைக்கும் ஒரு வசனம் கிடைத்துவிடும். வசனத்தை அது இருக்கும் இடத்தில் வைத்துப் படிக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைத்தான் நாம் தர மறுக்கிறோம்.

இதே யோசுவாவுக்கு 9ஆம் அதிகாரத்தில் நடந்ததைப் பாருங்கள். பக்கத்திலேயே குடியிருந்த கிபியோனியர், தூர தேசத்திலிருந்து வந்ததாக நடித்தார்கள். கிழிந்த திராட்சரசத் துருத்தி, தேய்ந்துபோன பாதரட்சை, பூசணம் பூத்த அப்பம் எல்லாம் கொண்டு வந்தார்கள். இஸ்ரவேலர் சோதித்துப் பார்க்கவும் செய்தார்கள். அப்பம் நிஜமாகவே பழையதுதான், கண்கள் பார்த்ததில் பிழை இல்லை. அவர்கள் செய்த பிழையை வேதம் சின்ன வாக்கியத்தில் சொல்லிவிடுகிறது: கர்த்தருடைய வாக்கைக் கேளாமல். உடன்படிக்கை செய்து மூன்று நாள் கழித்து உண்மை வெளியே வந்தது. 'உன்னோடே இருக்கிறார்' என்ற வாக்கு கையில் இருந்தவர்தான் யோசுவா. வாக்கு இருக்கிறதே என்று, கேட்பதை அவர் விட்டுவிட்டார்.

உங்கள் அண்ணன் கேட்ட கேள்வியை நான் லேசாகத் தள்ள மாட்டேன். அதில் பாதி நியாயம் இருக்கிறது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவர் இயேசுவே. கணக்கைக் காட்டாத ஒருவரோடு கூட்டுச் சேரக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள உபவாசம் தேவையில்லை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு 'விசுவாசம்' என்று பெயர் வைத்தது கர்த்தருக்கும் நியாயம் இல்லை, உங்களுக்கும் நியாயம் இல்லை.

ஆனால் அண்ணன் சொல்லும் மறுபாதி பொருந்தாது. மூளையை நம்பியிருந்தால் தப்பித்திருப்பீர்கள் என்கிறார். அந்த நண்பரைத் தேர்ந்தெடுத்ததே உங்கள் மூளைதானே! 'உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்' என்றுதான் நீதிமொழிகள் 3:5 சொல்கிறது. சாயாமல் என்ற அந்தச் சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். புத்தியைப் பயன்படுத்தாதே என்று அங்கே இல்லை. ஒருவர் தன் முழுப் பாரத்தையும் சுவரில் போட்டுச் சாய்ந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். அப்படி உன் பாரம் முழுவதையும் தாங்கும் அளவுக்கு உன் புத்தி உறுதியானது அல்ல என்கிறார் சாலொமோன். புத்தியைக் கையில் வைத்துக்கொள்ளலாம், உழைக்க வைக்கலாம், கேள்வி கேட்க வைக்கலாம். சாய்வதற்கு அது போதாது.

தாவீதைப் பாருங்கள், 2 சாமுவேல் 5ஆம் அதிகாரம். பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் வந்து பரவுகிறார்கள். தாவீது கர்த்தரிடம் கேட்கிறான், போ என்ற பதில் வருகிறது, ஜெயிக்கிறான். மறுபடியும் அதே பெலிஸ்தர் அதே பள்ளத்தாக்கில் வருகிறார்கள். யுத்தத்திலேயே வளர்ந்த மனுஷன் அவன். போன தடவை ஜெயித்த வழி கையில் இருக்கிறது. அனுபவம் என்ன சொல்லும்? அப்படியே போ என்றுதான் சொல்லும். இருந்தும் தாவீது மறுபடி கேட்டான். பதில் வேறாக வந்தது: நேராய்ப் போகாதே, பின்னாலே சுற்றிப் போய், முசுக்கட்டைச் செடிகளுக்கு எதிரே இருந்து அவர்கள்மேல் பாய். தன் வெற்றியைக் கூட அவன் வழிகாட்டியாக வைத்துக்கொள்ளவில்லை. தோற்ற பிறகு கேட்பது எல்லோருக்கும் வரும். ஜெயித்த கையோடு திரும்பவும் கேட்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மனதில் சமாதானம் வந்தது என்கிறீர்கள். அந்த உணர்வு பொய் என்று சொல்ல மாட்டேன். முடிவு எடுத்து முடித்தால் மனம் லேசாகும், அது யாருக்கும் நடப்பதுதான். நினிவேக்குப் போ என்று கர்த்தர் சொல்லியும் தப்பி ஓடிய யோனாவுக்கும் நடந்தது. யோப்பாவில் கப்பல் தயாராக நின்றது, கையில் கூலி இருந்தது, கதவு திறந்துதான் இருந்தது. கர்த்தருக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டே கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கினான். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் தூங்காத ஒருவரும் இருந்தார், இயேசு. பிதாவின் சித்தத்தின் நடுமத்தியில் இருந்தும் அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையில் விழுந்தது. மூன்று தரம் போய் ஜெபித்தார். மனம் அமைதியாக இருக்கிறதா என்பதை மட்டும் வைத்து அளந்திருந்தால், யோனாவைச் சரி என்றும் இயேசுவைத் தவறு என்றும் சொல்லியிருப்போம்.

மனைவியைப் பற்றி நீங்கள் எழுதிய ஒற்றை வரிதான் என்னை அதிகம் உறுத்தியது. 'அவளுக்கு விசுவாசம் குறைவு என்று நினைத்தேன்.' மனைவி சொல்வதெல்லாம் கர்த்தருடைய சத்தம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்காக வேலைக்காரி ஆகாரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்ன மனைவி சாராயின் பேச்சைக் கேட்டு ஆபிராம் சறுக்கினார். ஆனால் ஆபிரகாம், சாராள் என்று பெயர் மாறிய பின்னொரு நாள் கர்த்தர் அதே ஆபிரகாமிடம், சாராள் சொல்வதைக் கேள் என்றும் சொன்னாரே! அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் அதைக் கர்த்தரிடம் கொண்டுபோய்க் கேட்டாக வேண்டும். நீங்கள் கொண்டுபோகவில்லை. மூன்று நாள் உபவாசத்தில் உங்களோடு உட்கார்ந்து ஜெபிக்க அவரை அழைத்தீர்களா? அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும் என்கிறது வேதம். கர்த்தர் உங்களை எச்சரிக்க வேறு யாரை அனுப்பியிருக்க வேண்டும்? வீட்டுக்குள்ளேயே ஒருவரை வைத்திருந்தாரே.

சரி, இப்போது என்ன செய்வது? இன்னொரு அடையாளத்துக்குக் காத்திருக்கட்டுமா என்கிறீர்கள். வேண்டாம். கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, ஒரு நாள் தோல்மேல் மட்டும் பனி, மறுநாள் தோல் மட்டும் காய்ந்திருக்க வேண்டும் என்று அடையாளம் கேட்டதை நினைத்து நீங்கள் கேட்கலாம். 'நீர் சொன்னபடி' என்று ஆரம்பித்துத்தான் அவன் தோலைப் போட்டான். கர்த்தர் சொன்னது அவனுக்கு ஏற்கெனவே தெரியும், நம்புவதற்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். உங்களுக்கும் பாதி தெரியும். துன்மார்க்கன் கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறான் என்கிறது 37ஆம் சங்கீதம். கடனை அடைக்க வேண்டும் என்பது எழுதிக் கொடுக்கப்பட்ட வழிநடத்துதல். அதற்கு ஈரத் தோலும் வேண்டாம், காய்ந்த தோலும் வேண்டாம். சம்பளம் குறைவு என்பதும், பழைய நண்பர்கள் முகத்தில் விழிக்கக் கூச்சம் என்பதும் அடையாளத்துக்குக் காத்திருப்பதற்கான காரணங்களாக எனக்குத் தெரியவில்லை.

கிபியோனியர் கதையில் நான் இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஏமாந்து செய்த உடன்படிக்கைதான். ஆனாலும் ஆணையிட்டுவிட்டோம் என்று யோசுவா அதை முறிக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் ஐந்து ராஜாக்கள் கிபியோனின்மேல் படையெடுத்தபோது, அந்தப் பிழையான உடன்படிக்கையின் பொருட்டு யோசுவா இரா முழுவதும் நடந்து போனார். கர்த்தர் அங்கே வானத்திலிருந்து பெரிய கல்மழையை வருஷிக்கப்பண்ணி அவருக்காக யுத்தம் பண்ணினார். கேளாமல் செய்ததுதானே, நீயே பார்த்துக்கொள் என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. உங்கள் இரண்டு ஆண்டுகளையும் அந்தக் கடனையும் அவரிடம் கொண்டுபோக நீங்கள் வெட்கப்பட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

அந்த அலுவலகத்துக்குப் பதில் எழுதுவதற்கு முன்பு மனைவியோடு சேர்ந்து முழங்காலிடுங்கள். அவரை முதலில் பேச விடுங்கள். அண்ணனிடமும் கேளுங்கள். நான் மேலே சொன்னதையும் சேர்த்தே கர்த்தர் முன்பாக வையுங்கள், நானும் தவறக்கூடிய மனுஷன்தான். வேண்டாம் என்று கர்த்தர் சொன்னாலும் கேட்கிற மனதோடு எழுந்திருக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் அன்றைக்குக் கடிதம் எழுத வேண்டாம், மறுநாளும் போய் முழங்காலிடுங்கள்.