கேஸ் வீடா, கேஸ் இல்லாத வீடா: ஐந்தோவனுக்கு வரும் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் வேலைக்குச் சேர்கிறீர்கள். வாடகைக்கு இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று 1960களில் கட்டிய வரிசை வீடு. வெந்நீருக்கும் வீட்டைச் சூடாக்கவும் கேஸ் பாய்லர், சமைக்கக் கேஸ் அடுப்பு. இன்னொன்று கேஸ் இணைப்பே இல்லாத புது அடுக்குமாடி. வாடகை மாதம் 200 யூரோ அதிகம். "நெதர்லாந்து தன் கேஸ் வயலையே மூடிவிட்டதாமே, ரஷ்யாவும் அனுப்புவதில்லையாமே, குளிர்காலத்தில் கேஸ் நின்றுபோனால் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிற்காது. ஐரோப்பாவே பதறிய 2022லும் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கேஸ் நிற்கவில்லை. பயப்பட வேண்டியது பில்லுக்குத்தான். அது ஏன் எகிறுகிறது என்று தெரிய கொஞ்சம் பழைய கதை வேண்டும். வீட்டுக் கணக்குக்கு அப்புறம் வருகிறேன்.

வடக்கே க்ரோனிங்கன் மாகாணத்தில், ஸ்லொக்டரன் பக்கம், 1959ல் கிடைத்த வயல் அது. சுமார் 2.8 லட்சம் கோடி கன மீட்டர் கேஸ். ஐரோப்பாவிலேயே ஆகப் பெரியது. கிடைத்த வேகத்தில் நாடு முழுக்கக் குழாய் போட்டு, வீட்டுக்கு வீடு அடுப்பையும் ஹீட்டரையும் மாற்றினார்கள். தெற்கே லிம்பர்க்கில் இருந்த நிலக்கரிச் சுரங்கங்களை 1974க்குள் மூடிவிட்டார்கள். அந்த வயலால் அரசுக்கு மட்டும் 36,000 கோடி யூரோவுக்கு மேல் வருமானம். நீங்கள் பார்த்த 60களின் வீடு அந்தக் காலத்துப் பிள்ளை. கேஸ் மலிவு, அதனால் சுவருக்கு நடுவே எதையும் அடைக்கத் தோன்றவில்லை. ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி போதும் என்று விட்டார்கள். இன்றைக்கு உங்கள் பில்லில் வந்து நிற்பது அந்த மெத்தனம்தான்.

அப்புறம் பூமி அசைய ஆரம்பித்தது. கேஸை உறிஞ்ச உறிஞ்ச மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை அமுங்கி, நிலநடுக்கங்கள் வந்தன. 2012 ஆகஸ்டில் ஹாய்சிங்க என்ற சிற்றூரில் வந்தது 3.6 அளவு. கேட்க சின்ன எண்தான். ஆனால் ஆழம் குறைவு, மேலே களிமண், வீடெல்லாம் நிலநடுக்கத்தையே அறியாத செங்கல் வீடு. சுவர்கள் வெடித்தன. அந்தப் பகுதியில் 26,000க்கு மேற்பட்ட வீடுகளைப் பாதுகாப்புக்காகச் சோதிக்க வேண்டியதாயிற்று. அப்படியும் அடுத்த வருடம், 2013ல், உற்பத்தியைக் குறைக்காமல் கூட்டினார்கள். எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் இது. க்ரோனிங்கன் மக்களின் நலன் தொடர்ந்து ஒதுக்கித் தள்ளப்பட்டது என்று 2023 பிப்ரவரியில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவே சொன்னது. 2023 அக்டோபர் 1ல் உற்பத்தி நின்றது. நிரந்தரமாக மூடும் சட்டம் 2024ல் வந்தது.

கேஸ் தீர்ந்துபோய் மூடவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னும் 45,000 கோடி கன மீட்டர் அளவில் கீழே கிடக்கிறது. நெதர்லாந்து இப்போது வருடத்துக்குச் செலவழிப்பது ஏறக்குறைய 3,000 கோடி. அதே மாகாணத்தின் ஏம்ஸ்ஹாவன் துறைமுகத்தில் 2022 செப்டம்பரிலிருந்து மிதக்கும் எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய கேஸ்) முனையம் ஒன்று நிற்கிறது. காலுக்குக் கீழே கேஸை வைத்துக்கொண்டு, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருவதை இறக்குகிறார்கள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்கள் இங்கே நிறைய உண்டு. வெடித்த சுவருக்குள் குடியிருந்தவர்களிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். நான் அவர்கள் பக்கம்.

இன்னொன்று, இங்கேயே இருப்பவர்களில் பலருக்கும் தெரியாது. க்ரோனிங்கன் கேஸில் இயற்கையாகவே 14 சதவீதம் நைட்ரஜன் இருந்தது. நாட்டிலுள்ள பாய்லர், அடுப்பு எல்லாம் அந்த வீரியம் குறைந்த கேஸுக்கென்றே செய்தவை. நார்வேயிலிருந்து வருவதும் கப்பலில் வருவதும் வீரியம் கூடிய கேஸ், அப்படியே விட முடியாது. அதனால் நைட்ரஜனைக் கலந்துதான் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். அதற்கென்றே ஸௌட்ப்ரூக்கில் பெரிய ஆலை கட்டியிருக்கிறார்கள்.

2018லிருந்தே நெதர்லாந்து கேஸ் வாங்கும் நாடாகிவிட்டது. சொந்த வயல் சுருங்கிய நேரம் பார்த்து ரஷ்யா குழாயை இறுக்கியது. ரூபிளில் பணம் கட்ட மறுத்ததால் 2022 மே கடைசியில் அப்போது இங்கே கேஸ் வணிகம் செய்த கேஸ்டெரா நிறுவனத்துக்கு விநியோகத்தை நிறுத்தியது. செப்டம்பரில், ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குக் கேஸ் கொண்டுவரப் போட்ட நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் கடலடியில் வெடித்தன. முன்பெல்லாம் ஒரு மெகாவாட்-மணி ஆற்றல் தரும் கேஸுக்கு 20 யூரோ பக்கம் இருந்த மொத்த விலை, 2022 ஆகஸ்டில் 300ஐத் தாண்டியது. அப்போது எங்கள் மாதத் தவணை மூன்று மடங்கானது. கேஸ் கம்பெனியை அழைத்தால் சங்கீதம்தான் கேட்கும். 2023ல் அரசு வீடுகளுக்கு உச்சவரம்பு வைத்தது: முதல் 1,200 கன மீட்டர் வரை ஒரு கன மீட்டருக்கு 1.45 யூரோ. அதனால்தான் பலர் தப்பித்தோம். அதே சமயம் ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்துக் கப்பல்களைத் திருப்பிக்கொண்டதில் பாகிஸ்தானும் வங்கதேசமும் கேஸ் வாங்க முடியாமல் இருட்டில் கிடந்தன. இங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது ஐரோப்பாவுக்கு அதிகம் அனுப்புவது நார்வே, எல்.என்.ஜி. என்றால் அமெரிக்கா. கப்பல் அதிக விலை தருகிறவர் பக்கம் திரும்பும். உலகில் எங்கே சண்டை வந்தாலும், ஜப்பானில் குளிர் கூடினாலும் ஐந்தோவனில் பில் அசையும். அதை நீங்களோ நானோ ஒன்றும் செய்ய முடியாது. வீடு எவ்வளவு கேஸ் தின்னும் என்பதை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்க முடியும்.

சரி, வீட்டுக்கு வருவோம். வாடகைக்கு விடும் வீட்டுக்கு எனர்ஜி லேபிள் கட்டாயம். வீடு எவ்வளவு சிக்கனம் என்று காட்டும் தரம் அது, A பக்கம் நல்லது, G மோசம். பழைய வீட்டின் லேபிள் C அல்லது அதற்கு மேல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். யாரோ ஏற்கெனவே சுவரை அடைத்து, கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள். F, G என்றால் வேண்டாம். அப்படிப்பட்ட வீடு வருடத்துக்கு 1,600 கன மீட்டர் எரித்தால், 1.40 யூரோ விலையில் 2,240 யூரோ, அதாவது மாதம் 187 யூரோ. இதில் பாதிக்குப் பக்கம் வரி, நினைவிருக்கட்டும். புது வீட்டிலும் சூடேற்றச் செலவு உண்டு. ஆகவே 200 யூரோ வாடகை வித்தியாசத்தைக் கேஸ் பில் முழுதாக ஈடுகட்டாது. ஆனால் கைக்குழந்தையோடு ஜனவரியில் சுவரோரம் குளிர் அடிக்கும் வீட்டில் இருப்பது கணக்கில் வராத கஷ்டம்.

பார்க்கப் போகும்போது முன்கதவின் தபால் துவாரத்தில் கையை வையுங்கள், காற்று வருகிறதா என்று. சுவரோரம் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். வெள்ளி நிறத் தாள் ஒட்டியிருந்தால் குடியிருந்தவர் விவரமானவர். குளியலறை மூலையில் கறுப்புப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம்மவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்க ஹீட்டரை அணைத்துவிட்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டு சாம்பார் கொதிக்க விடுவார்கள். ஆவியெல்லாம் குளிர்ந்த சுவரில் நீராகி, ஒரே குளிர்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தெர்மோஸ்டாட் 18, 19ல் இருக்கட்டும். தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகும் நீரை 60 டிகிரிக்குக் குறைத்தாலே மிச்சம் தெரியும்.

கேஸ் இல்லாத வீட்டை எடுத்தால் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: மின்சாரத்தில் ஓடி வெளியிலிருந்து வெப்பத்தை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப்பா, பொதுக் குழாயில் வரும் வெந்நீரா? இரண்டாவது என்றால் அந்த வட்டாரத்துக்கு ஒரே கம்பெனிதான், வேறு யாரிடமும் மாற முடியாது. அதற்கான உச்ச விலையைப் பல வருடம் கேஸ் விலையை வைத்தே கணக்கிட்டார்கள். கேஸ் இல்லாத வீட்டில் கேஸ் விலை கட்டிய நண்பர்கள் எனக்கு உண்டு.

புதுசாக வருகிறவர் முதல் வருடம் விலை நிலையான ஒப்பந்தம் எடுப்பதே நல்லது. மணிக்கு மணி விலை மாறும் ஒப்பந்தம் மலிவு என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள், இப்போதைக்குக் காதில் வாங்காதீர்கள். சாவி வாங்கும் அன்றே கேஸ், மின்சாரம் இரண்டு மீட்டரையும் படம் எடுத்து வையுங்கள். மாதாமாதம் கட்டுவது உத்தேசத் தவணைதான், வருடக் கடைசியில்தான் நிஜக் கணக்கு வரும். தவணையை ரொம்பக் குறைத்து வைத்தால் அன்றைக்கு மொத்தமாக விழும்.

சமையலுக்காகக் கேஸ் வீடு வேண்டும் என்று உங்கள் மனைவி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அடுப்புக்குச் செலவாகும் கேஸ் வருடத்துக்குச் சில பத்து கன மீட்டர்தான்; முக்கால்வாசி வீட்டைச் சூடாக்கவே போகிறது. இண்டக்‌ஷனில் அடி சமமான இரும்புத் தோசைக்கல் நன்றாகவே வேலை செய்யும். அலுமினிய இட்லிப் பாத்திரம் சூடே ஆகாது, அதை ஊரிலேயே விட்டுவிட்டு எவர்சில்வரில் கொண்டுவரச் சொல்லுங்கள். மாவு புளிக்க 19 டிகிரி போதாது. விளக்கை மட்டும் போட்டு ஓவனுக்குள் வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும்.

வரிசை வீட்டின் உரிமையாளரிடம் போன வருடத்து எனர்ஜி கணக்கையும் லேபிளையும் கேளுங்கள். தயங்கினார் என்றால் அதுவே பதில். கிடைத்தால் வீட்டு எண்ணை மறைத்துவிட்டு இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.