வாசகர் கேள்வி – பதில்: மூழ்கிய கப்பலில் யுத்தகால வாகனங்கள்

கேள்வி: செங்கடலில் மூழ்கிக் கிடக்கும் ‘திஸ்ல்கோர்ம்’ கப்பலின் நிழற்படங்களைப் பார்த்தேன். லொறிகளும் மோட்டார் சைக்கிள்களும் துருவும் பவளமும் படிந்து குவியலாகத் தெரிகின்றன. இது பெட்போர்ட் லொறி, இது நோர்ட்டன் மோட்டார் சைக்கிள் என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், அப்புத்தளை

பதில்: மத்தியதரைக் கடல் வழி ஆபத்தாக இருந்தமையால், 1941 ஜூன் மாதம் கிளாஸ்கோவிலிருந்து புறப்பட்டு ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்த இந்தச் சரக்குக் கப்பல், வட ஆபிரிக்காவில் போரிட்ட பிரித்தானியப் படைகளுக்கான தளபாடங்களைச் சுமந்திருந்தது. சுயஸ் கால்வாய்க்குள் நுழையக் காத்து நின்றபோது, ஒக்டோபர் 6ஆம் திகதி அதிகாலையில் ஜேர்மனிய ஹைன்கெல் விமானத்தின் குண்டுவீச்சில் ஒன்பது பேரைப் பலிகொண்டு மூழ்கியது. இன்று சுமார் 30 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது.

வாகனத்தின் நிறத்தையும் இலக்கத்தையும் நம்பி இந்த வேலையில் இறங்க முடியாது. பிரித்தானிய இராணுவம் ஒவ்வொரு வாகனத்துக்கும் எழுதிய பதிவிலக்கத்தின் முன்னெழுத்தே அதன் வகையைச் சொல்லிவிடும்: பெரிய லொறிக்கு ‘எல்’, பதினைந்து அந்தர் வரையான சிறிய டிரக்குக்கு ‘இசட்’, மோட்டார் சைக்கிளுக்கு ‘சி’, சங்கிலிப் பட்டையில் ஓடுவனவற்றுக்கு ‘டி’. ஆனால் அது வண்ணப்பூச்சு. உப்புநீர் அதை விட்டுவைப்பதில்லை. மெல்லிய தகடும் விரைவில் அரிக்கப்படும். ஆகவே வார்ப்பிரும்பு எஞ்சின், தடித்த அச்சு, டயர், சக்கரங்களின் எண்ணிக்கை, அவற்றின் இடைவெளி ஆகியவற்றையே பார்க்க வேண்டும்.

பெட்போர்ட் எம்.டபிள்யூ. என்ற சிறிய டிரக்கின் பொனட் அகன்று தட்டையாக இருக்கும். பெரிய காற்று வடிகட்டியொன்றுக்கு இடம் விட்டு வடிவமைத்ததால் வந்த அகலம் அது. மூன்று தொன் ஏற்றும் ஓ.வை. லொறி நீளமானது. அதன் பின் அச்சில் பக்கத்துக்கு ஒரேயொரு பெரிய சக்கரம்தான் உண்டு. அதே நிறுவனத்தின் பொதுமக்களுக்கான மூன்று தொன் லொறியிலோ பின்சக்கரங்கள் இரட்டையாக இருக்கும். பொனட் முற்றாக நொறுங்கிப் போனாலும் இந்த அடையாளம் தப்பி நிற்கும். டயரின் பக்கச்சுவரில் புடைப்பெழுத்தில் உள்ள அளவும் பல இடங்களில் இன்னும் வாசிக்கக்கூடியதாகவே இருக்கும்.

மோட்டார் சைக்கிள்களே உண்மையில் சோதிப்பவை. திஸ்ல்கோர்மில் அவை லொறிகளின் பின்தட்டிலேயே நிறுத்தி ஏற்றப்பட்டிருக்கின்றன. முதலில் சிலிண்டரைப் பாருங்கள். வால்வுகளை இயக்கும் தண்டுகளுக்கான குழாய்கள் அதன் பக்கவாட்டில் மேல்நோக்கி ஏறினால் வால்வுகள் தலைப்பகுதியில் உள்ளன. மட்ச்லெஸ் ஜி3 அந்த இனம். குழாய்கள் இன்றி, தலைப்பகுதி தாழ்வாகவும் தட்டையாகவும் இருந்தால் அது பக்கவால்வு எஞ்சின். அப்போது நோர்ட்டன் 16எச், பி.எஸ்.ஏ. எம்20 என்ற இரண்டுமே போட்டிக்கு வரும். முன்னது 490 கன சென்ரிமீற்றர், பின்னது 496. இரண்டின் முன் கவையும் நடுவே சுருள்வில் கொண்ட பழைய பாணிதான். தூரத்துப் படத்தைப் பார்த்துத் துணிந்து பெயர் சொல்பவரை நான் நம்பமாட்டேன். எஞ்சினின் பக்கமூடியையும் கியர்ப் பெட்டியின் வடிவத்தையும் அக்காலக் கைந்நூல் படங்களோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு சொல்லலாம்.

கப்பலின் கிழிந்த பின்பகுதியருகே கிடக்கும் யுனிவர்சல் கெரியர் எனும் சங்கிலிப் பட்டையில் ஓடும் சிறிய கவச வாகனங்களில் ஐயத்துக்கு இடமில்லை. பக்கத்துக்கு மூன்று தாங்குசக்கரங்கள். முன்னே ஒரு சோடி, பின்னே தனியாக ஒன்று.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சுழியோடிகள் பலர் பெயர்த்தகடு, ஸ்டியரிங், விளக்கு என்று ஞாபகார்த்தமாகக் கழற்றிச் சென்றுவிட்டார்கள். கழற்றப்பட்ட ஒவ்வொரு தகட்டோடும், அந்த வாகனம் எதுவென்று அறியும் வழியும் கப்பலைவிட்டுப் போய்விட்டது. ஒன்பது மனிதர் உயிர்விட்ட இடம் அது என்பதையாவது எண்ணியிருக்கலாம்.

கேள்வி: இலங்கைக் கடலிலும் இவ்வாறு வாகனங்களோடு மூழ்கிய கப்பல் உண்டா?
– மாணவி ஒருவர், பண்டாரவளை

பதில்: 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல், அதே நாளில் மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ எண்ணெய்க் கப்பல். இவ்விரண்டிலும் லொறிகளைத் தேடிப் பயனில்லை. அன்றே திருகோணமலைத் துறைமுகத்தில் தாக்குதலுக்குள்ளான ‘சகாயிங்’ சரக்குக் கப்பலை நமது கடற்படையினர் 2018இல் மேலே கொண்டுவந்தனர்.

கேள்வி: எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் பழைய பெட்போர்ட் லொறியொன்று கிடக்கிறது. யுத்தகாலத்து லொறி என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: நீங்கள் பாக்கியசாலி, கடலில் இறங்காமலே அளக்கலாம். முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடுவரை அளவு நாடாவைப் பிடியுங்கள். 8 அடி 3 அங்குலமானால் எம்.டபிள்யூ., 9 அடி 3 அங்குலமானால் முப்பது அந்தர் ஏற்றும் ஓ.எக்ஸ்., 13 அடி 1 அங்குலமானால் ஓ.வை. என எண்ணலாம். ஆயினும் நீளம் மட்டும் போதாது: முன்முகம் வளைவாக இருந்து, பின்சக்கரங்களும் இரட்டையாக இருந்தால் அது பெரும்பாலும் பொதுமக்களுக்கு விற்கப்பட்ட லொறியே. முகம் தட்டையாகவும் பொனட் முன்நோக்கிச் சரிந்தும் இருந்தால் பெரியவர்கள் சொல்வது சரி. எஞ்சின் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பொனட்டின் பக்கங்களை இரும்புத் தூரிகையால் தேய்க்காமல் ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். மேற்பூச்சுக்கு அடியில் ‘எல்’ அல்லது ‘இசட்’ என்ற எழுத்தும் சில இலக்கங்களும் தென்பட்டால், பழைய இரும்பு வியாபாரி வருவதற்கு முன்னர் அவற்றைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்பிவையுங்கள்.