விழாவுக்கு முந்தைய நாள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சபையார் கொண்டுவரும் பொருள்களை விற்று ஆலயத்துக்குப் பணம் திரட்டும் அறுப்பின் பண்டிகை வந்தாலே எங்கள் சபையில் விற்பனைக் கடை, ஏலம், கூப்பன் என்று ஒரே பரபரப்பு. ‘என் பிதாவின் வீட்டை வியாபார வீடாக்காதிருங்கள்’ என்றார் இயேசு. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி சேர்த்து வைக்கட்டும் என்றுதானே அப்போஸ்தலரான பவுலும் சபைக்கு எழுதினார்? ஆளுக்கு ஒரு தொகையை வங்கியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பணம் மட்டும்தான் வேண்டுமென்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வங்கிக் கணக்கில் போட வசதியுள்ளவர்கள் மட்டும்தான் போட முடியும். விற்பனை விழாவில் கையில் காசில்லாதவருக்கும் வேலை இருக்கிறது. தைக்கத் தெரிந்தவர் தைத்துத் தருகிறார். வேறெதுவும் முடியாத பாட்டி விலைச்சீட்டு ஒட்டுகிறார். அதுவும் காணிக்கைதான்.

விழாவைவிட அதற்கு முந்தைய நாள் மாலைதான் எனக்குப் பிடிக்கும். போன முறை எங்கள் சபையில் கூப்பன் மேசையை ஒரு பள்ளிக்கூடப் பையனிடம் கொடுத்திருந்தார்கள். அவனுடைய அப்பா பெஞ்சுகளைத் தோளில் தூக்கி வந்து, “எங்கடா போடணும்?” என்று அவனிடம் கேட்டார். அவன் கையைக் காட்டிய இடத்தில் போட்டார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து, சில்லறை தட்டுப்பாடு வந்தால் என்ன செய்வது என்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆராதனையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள்தான், ஆனால் அங்கே பேச வழியில்லையே.

இது நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. 15, 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பெந்தெகொஸ்தே பண்டிகையை ஒட்டி ஊரே சேர்ந்து மதுபானம் காய்ச்சி விற்று, ஆலயத்தைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டியது. சபைக் கணக்கேடுகளில் அந்த வரவு பதிவாகியிருக்கிறது. குடியும் கூத்தும் மிஞ்சிப்போக, சீர்திருத்தம் வேண்டியவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்ததில் நியாயம் உண்டு.

உங்கள் கோபத்திலும் நியாயம் உண்டு, குறிப்பாக ஏலத்தில். இன்னார் இவ்வளவுக்கு எடுத்தார் என்று ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிப் போட்டியைக் கிளப்பும்போது, பின்வரிசைக் குடும்பம் தலைகுனிந்துகொள்கிறது. அதை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் தேவாலயத்தில் இயேசு விரட்டியது, தொழ வந்தவர்களிடம் வியாபாரம் செய்தவர்களையும் காசு மாற்றித் தந்த காசுக்காரரையும். சபைக் கூரையைச் சரிசெய்யவோ ஏழைப் பிள்ளையின் படிப்புக்கோ சபையாரே கூடி உழைப்பதை அதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

பவுலைச் சொன்னீர்கள். அதே பவுல்தான் எருசலேமின் ஏழைகளுக்காகப் பல ஊர்ச் சபைகளிடம் பணம் சேர்த்தார். அந்தப் பொறுப்பில் தன் உடன் ஊழியரான தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பினார், பணத்தைக் குறித்து யாரும் குற்றம் சொல்லக்கூடாதே என்று (2 கொரிந்தியர் 8). எங்கள் சபையில் விழாவுக்கு அடுத்த ஞாயிறே வரவு செலவைச் சபைமுன் வாசித்துவிடுகிறோம். உங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லையென்றால், பொருளாளரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இந்த முறை முந்தைய நாள் மாலையே போய்விடுங்கள், பெஞ்சு தூக்க எப்போதும் ஆள் போதாது.