உதவிக் கச்சேரி அப்புறம், முதலில் காப்பீட்டு அட்டை

கேள்வி: கும்பகோணம் பக்கம் நாதஸ்வரம் வாசிக்கிறேன். எங்கள் செட்டில் பல வருஷமாக வாசிக்கும் தவில் வித்வானுக்கு (வயது 52) கன்னத்தில் புற்றுநோய். நான்காம் நிலை என்கிறார்கள். ஆபரேஷன், கரன்ட் (கதிர்வீச்சு), மருந்து எல்லாம் சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். உதவிக் கச்சேரி வைத்து என் ஜிபே நம்பரில் பணம் திரட்டலாம் என்றிருக்கிறோம். 15,000 ரூபாய் கொடுத்தால் முதல்வர் காப்பீட்டு அட்டை எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: பதினைந்து ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். அந்த அட்டைக்குக் கட்டணமே கிடையாது. கலெக்டர் அலுவலகத்தில் அதற்கென்றே கவுன்டர் இருக்கிறது. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். போட்டோ எடுக்க எப்படியும் உங்கள் ஆள்தான் போய் நிற்க வேண்டும். பிறகு அந்தப் புண்ணியவான் எதற்கு?

எதற்கென்று சொல்கிறேன். மருத்துவ சமூகப் பணியில் இந்த ஆட்களை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அட்டைக்கு வாங்கும் பணம் அவர்களுக்கு டீக்காசு. அடுத்து, “எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் நம்ம ஆளு” என்று ஆரம்பிப்பார்கள். நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு அங்கே தனிக் கமிஷன். அட்மிஷன் போட்ட மூன்றாம் நாள் “அட்டையில் இந்த மருந்து வராது, வெளியே வாங்கணும்” என்று சீட்டு நீட்டுவார்கள். அப்போது அந்த ஆள் போனை எடுக்க மாட்டார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சீக்கிரம் தேதி வாங்கித் தருகிறேன் என்று சொல்கிறவரும் இதே ஜாதிதான்.

திட்டத்தில் உள்ள மருத்துவமனை, அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு மேற்கொண்டு பணம் கேட்கக் கூடாது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்பே நிர்ணயம் ஆகியிருக்கிறது. அதைக் காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குக் கொடுத்துவிடும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. “இது வராது” என்று யாராவது சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே பின்வாங்கிவிடுவார்கள். மீதிப் பேருக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். இது பணமில்லாச் சிகிச்சைத் திட்டம். முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற கதை இதில் நடக்காது. அதனால் அட்மிஷன் அன்றே, ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன், காப்பீட்டுத் திட்ட மேசை எங்கே என்று கேளுங்கள். வீட்டுப் பீரோவையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பழைய அட்டை எங்காவது கிடக்கும், இல்லாவிட்டால் ரேஷன் கார்டைக் காட்டினால் கவுன்டரில் தேடிச் சொல்வார்கள்.

வருமானச் சான்றில்தான் உங்கள் நண்பர் அல்லாடப் போகிறார். தவில் வாசிப்பவருக்குச் சம்பளச் சீட்டு எங்கிருந்து வரும்? வைகாசியில் கையில் காசு, ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றுமில்லை. இதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் விளக்கப் போனால் அவர் லீவில் இருப்பார், வந்தால் சர்வர் டவுன். வாயில் கட்டியோடு இருப்பவன் தன் வறுமைக்குச் சான்று வாங்க வரிசையில் நிற்க வேண்டும் என்று எந்த மகானுபாவன் யோசித்தானோ! போகும்போது பயாப்ஸி (சதைப் பரிசோதனை) ரிப்போர்ட் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கண்டால் கொஞ்சம் வேகம் வரும்.

நான்காம் நிலை என்றதும் ஊரே முடிவு கட்டியிருக்கும். வாய்ப் புற்றில் நான்காம் நிலைக்குள்ளேயே ஏ, பி, சி என்று பிரிவு உண்டு. நுரையீரல் போன்ற தூரத்து உறுப்புகளுக்குப் பரவியிருந்தால்தான் சி. ஏ பிரிவு என்றால் ஆபரேஷன், அதன்பின் கரன்ட் என்று குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை செய்வார்கள். ஏ, பி, சியில் எது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு மருத்துவமனையிலோ இன்னொரு கருத்துக் கேட்கலாம். ஆனால் ஊர் ஊராகப் போய்க் கேட்டு ஒரு மாதத்தை விட்டுவிடாதீர்கள், வாய்ப் புற்று காத்திருக்காது. வாட்ஸப்பில் வரும் மூலிகைக் கஷாயத்தைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. அவர் தவில் வித்வான் என்பதை அறுவை மருத்துவரிடம் ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டும். ‘தொழில்: கூலி’ என்று ஓ.பி. சீட்டில் எழுதியிருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? கன்னத்தில் வெட்டிய இடத்தை மூடச் சில நேரம் முன்கையிலிருந்து சதை எடுப்பார்கள். வழக்கமாக, அதிகம் புழங்காத கையிலிருந்து. தவிலில் எது புழங்காத கை? வலக்கை விரல்களில் கூடு, இடக்கையில் கழி. இரண்டும் பிழைப்புக் கைதான். நெஞ்சுச் சதை போன்ற வேறு வழிகளும் உண்டு, எது முடியும் என்று டாக்டர் சொல்லட்டும். கழுத்துக் கட்டிகளை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படலாம். சாமி புறப்பாட்டில் தவிலை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டியவருக்குத் தோள் எவ்வளவு முக்கியம்! ஆபரேஷன் முடிந்ததும் பிசியோதெரபி கேட்டு வாங்குங்கள். கரன்டோடு சேர்த்துக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் மருந்தால் காதில் இரைச்சல், கேட்கும் திறன் குறைவு, விரல் மரப்பு வரலாம். தொடங்கும் முன் ஒரு காது பரிசோதனை செய்துகொள்ளட்டும். பல்லையும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

இப்போது பணம். ஜிபே நம்பர் உங்களுடையது வேண்டாம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், மொத்தமும் பெற்றவரின் வருமானமாகக் கணக்காகும். சிகிச்சைக்கு என்றாலும் விலக்கில்லை. இப்போதைய புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரி வராது என்பதால் உங்கள் நண்பர் குடும்பத்துக்குப் பாதகமில்லை. உங்கள் கணக்கில் விழுந்தாலோ உங்கள் வருமானம் போல் நிற்கும், நாளை ஊரும் கணக்குக் கேட்கும். அவர் மனைவி பெயரில் தனிக் கணக்குத் திறந்து அதில் போடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுப் பணம் வேறு விவகாரம். சிங்கப்பூர், லண்டன் கோயில்களில் வாசித்திருப்பீர்கள், அங்கிருந்தும் அனுப்புவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் சட்டப்படி அவர் அந்நிய மூலம். அவர் பணத்தை ஒரு சபாவோ சங்கமோ தன் கணக்கில் வாங்க வேண்டுமானால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். உங்கள் ஊர்ச் சபாவிடம் அது இருக்காது. “எங்க அக்கவுன்ட்ல போடச் சொல்லுங்க, பிரிச்சுக் கொடுத்துடறோம்” என்று செயலாளர் நல்ல மனதோடுதான் சொல்வார். கேட்காதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் மருத்துவமனைப் பில்லையே நேரடியாகக் கட்டட்டும். என்ன பாஸ்போர்ட் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒருவருக்கு இரண்டு பாஸ்போர்ட் இருக்காது, இந்தியச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) வைத்திருப்பவரும் வெளிநாட்டுக் குடிமகன்தான், “நான் ஓசிஐ, இந்தியன் மாதிரி” என்பது இங்கே எடுபடாது.

தமிழக அரசின் இயல் இசை நாடக மன்றத்துக்கு நலிந்த கலைஞர் நிதியுதவி கேட்டு எழுதிப் போடுங்கள், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பொன்னாடை வரும் வேகத்தில் உதவித்தொகை வருவதில்லை.

அட்டை கிடைத்துவிட்டால் கச்சேரிப் பணம் எதற்கு என்று கேட்பீர்கள். அட்டை தராதவற்றுக்கு. கரன்ட் வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் போல நடக்கும். தங்குமிடம், கூட இருப்பவர் சாப்பாடு, மூக்குக் குழாய் வழியே கொடுக்கும் சத்துக் கஞ்சி, வீட்டு வாடகை எல்லாம் அந்தப் பணத்தில்தான். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்குரிய சான்றை வாங்கிக்கொண்டால் போதும்.

அவர் முகூர்த்தங்களுக்கு வாங்கிய அச்சாரம் நிச்சயம் செலவாகியிருக்கும். கல்யாண வீட்டார் திருப்பிக் கேட்கும் முன், அந்தத் தேதிகளுக்கு உங்கள் செட்டே வேறு தவில்காரரை நிறுத்தட்டும். சன்மானத்தில் ஒரு பங்கை அவர் மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். அதை யாரும் விளம்பரப்படுத்த வேண்டாம், போட்டோவும் வேண்டாம்.